கடலில் எத்தனை திமிங்கிலங்கள்?

"கடலுக்குள் இருப்பவற்றை எவ்வாறு எண்ணுவார்கள், ஹஜ்ரத்?" என்று பாடம் முடிந்தபின் ஒரு மாணவர் வினவினார். அவர் படித்த செய்தியில் திமிங்கிலங்களின் தொகை ஒற்றை எண்ணாக இல்லாமல், 'இத்தனை முதல் இத்தனை வரை' என்றிருந்ததாம். "சரியாகத் தெரியாதவர்கள் எண்ணைச் சொல்வானேன்?" என்பது அவருடைய ஐயம். நம்மில் பலருக்கும் எழக்கூடிய ஐயம்தான். அதற்கு அலாஸ்காவில் விடை கிடைக்கிறது.

அலாஸ்காவின் வடகரையில் வாழும் இனுபியாத் மக்களுக்கு வில்தலைத் திமிங்கிலமே தலைமுறை தலைமுறையாக உணவு. 1848 முதல் அங்கு வந்த வணிகக் கப்பல்கள் எண்ணெய்க்காக அவ்வினத்தைப் பெருமளவில் அழித்தன. எஞ்சியவை 2,000-க்கும் குறைவு என்று அறிவியலாளர் மதிப்பிட்டதால், 1977-இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் இனுபியாத் மக்களின் வேட்டைக்கும் தடை விதித்தது. பின்னர் அத்தடை தளர்ந்து, 1978-க்குக் கரை சேர்ப்பவை 12 அல்லது தாக்கப்படுபவை 18 என்னும் வரம்பு வந்தது.

கரையருகே செல்பவை மட்டுமே எண்ணப்படுகின்றன. பனிப்பாளத்தின் அடியிலும் கண்ணுக்கெட்டாத தொலைவிலும் பல செல்கின்றன என்று வேட்டைக்காரர்கள் வாதிட்டனர். நீருக்கடியில் ஒலிவாங்கிகளை இறக்கிக் கேட்டபோது அவர்கள் கூற்று மெய்யென்று தெரிந்தது.

கண்ணில் படாததை எண்ணுவது எவ்வாறு? இரண்டு பனிமேடுகளில் இரு குழுவினர் தனித்தனியே நின்று எண்ணுவதாகக் கொள்வோம். முதற்குழு கண்டவை 50. இரண்டாம் குழு கண்டவை 40. இருவரும் கண்டவை 20. இரண்டாம் குழு கண்டவற்றுள் பாதியே முதற்குழுவின் கண்ணில் பட்டிருக்கிறது. எனவே முதற்குழு கண்ட 50-உம் மொத்தத்தில் பாதியாகவே இருக்கும்; மொத்தம் 100. கண்டவை 70, காணாதவை 30!

ஆனால் மூடுபனியாலோ தற்செயலாலோ, இருவரும் கண்டவை 18 ஆகியிருந்தால் விடை 111. 22 ஆகியிருந்தால் 91. இந்த ஊசலாட்டத்தை மறைக்காமல் சொல்வதே 'முதல் – வரை' என்னும் எல்லை.

2001-இல் அக்கடலின் மதிப்பீடு 10,545. எல்லை 8,200 முதல் 13,500 வரை. 2011-இல் 16,892, எல்லை 15,704 முதல் 18,928 வரை. இனம் உண்மையாகவே பெருகியது. எண்ணும் முறையும் செம்மையுற்றது. அதனால்தான் தொகை உயர்ந்தும் எல்லை குறுகியது. இவை 95 விழுக்காட்டு எல்லைகள். அதாவது, இதே முறையில் நூறு முறை எண்ணி நூறு எல்லைகளை வகுத்தால், அவற்றுள் ஏறத்தாழ 95 எல்லைகளுக்குள் மெய்யான தொகை அடங்கியிருக்கும்.

குறைத்து மதிப்பிட்டால் ஒரு சமூகத்தின் உணவு பறிபோகும். மிகைப்படுத்தினால் ஓர் உயிரினமே அழியும். ஆகவே அந்த இரண்டு எண்களும் அறியாமையின் அடையாளமல்ல. தான் கண்டது எவ்வளவு, காணாதது எவ்வளவு என்று பிரித்துரைக்கும் நேர்மையான சாட்சியம் அவை. அடுத்தமுறை எவரேனும் ஒற்றை எண்ணை உறுதியாகக் கூறினால், "எதுமுதல் எதுவரை?" என்று கேளுங்கள் என்றேன் அம்மாணவரிடம்.