ஐந்து சொற்கள் போதும்

நம் குழந்தைகளுக்கு ஆங்கிலம் வேண்டுமா என்னும் வினா இன்று நம் வீடுகளில் எழுவதில்லை. வேண்டும் என்று என்றோ முடிவு செய்துவிட்டோம். அரசும் அவ்வழியே வந்தது. 2012 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின; 2019இல் அங்கன்வாடிகளிலும் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டன. நாம் ஆங்கிலத்திற்குப் பகைவர் அல்லர். அதை எப்படிக் கற்பிக்கிறோம் என்பதே நமது வழக்கு.

தில்லை நகரிலும் திருவரங்கத்திலும் மழலையர் பள்ளிகளின் விளம்பரத் தட்டிகளில் இப்போது 'ஃபோனிக்ஸ்' என்னும் சொல் பெரிதாகத் துலங்குகிறது. ஒலிவழிப் பயிற்சி, பாட்டு, விளையாட்டு ஆகிய மூன்றையும் கூட்டி, இவற்றால் மூன்று வயதுப் பிள்ளை ஆங்கிலம் படித்துவிடும் என்று பெற்றோருக்கு வாக்களிக்கிறார்கள். இவ்வாக்குறுதியில் பாதி உண்மை, மறுபாதி வாணிபம்.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். 'பீ, ஈ, என் - பென்' என்று கத்திக் கத்தி மனப்பாடம் செய்தது பழைய முறை. எழுத்தின் பெயர்களைக் கூட்டினால் சொல்லின் ஒலி வாராது. ப், எ, ன் என்னும் ஒலிகளைக் கூட்டினாலே வரும். இருபத்தாறே எழுத்துகளைக் கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளை எழுதும் மொழிக்கு இத்தகைய பயிற்சி தேவைதான். 2006இல் ஜிம் ரோஸ் அளித்த ஆய்வறிக்கைக்குப் பின் இங்கிலாந்து இம்முறையையே தன் பள்ளிகளில் வலியுறுத்தி வருகிறது.

ஆயினும் ஒன்றை மறந்துவிட்டோம். இங்கிலாந்துப் பிள்ளை பள்ளிக்கு வரும்போதே பல்லாயிரம் ஆங்கிலச் சொற்களைக் காதில் சுமந்து வருகிறது. எழுத்தைக் கூட்டி ஒலித்தவுடன் தான் முன்பே அறிந்த சொல்லை அது இனம் கண்டுகொள்கிறது. அந்நாட்டில் 2012 முதல் ஆறு வயதையொட்டிய சிறுவர்க்கு ஒலிவழித் தேர்வொன்று நடைபெறுகிறது. அதில் நாற்பது சொற்களில் இருபது பொருளற்ற பொய்ச்சொற்கள். பிள்ளை சொல்லை நினைவிலிருந்து சொல்கிறதா, எழுத்தை ஒலித்துப் படிக்கிறதா என்று அறிவதற்கான உத்தி அது. உறையூரிலோ பாலக்கரையிலோ தமிழ் மட்டுமே கேட்டு வளரும் பிள்ளைக்கோ, ஐயகோ, நாற்பதுமே பொய்ச்சொற்கள்! அது பிழையின்றி ஒலிக்கிறது. நாம் படித்துவிட்டதாகப் பூரிக்கிறோம்.

நம் தாய்மொழியே இதற்குச் சான்று. 'கல்', 'பகல்', 'தங்கம்' - மூன்றிலும் ககரம் ஒன்றே, ஒலியோ மூன்று. இதற்கான விதியை எந்த ஆசிரியரும் ஒன்றாம் வகுப்பில் நடத்துவதில்லை. சொல் முன்பே செவிக்குத் தெரிந்திருப்பதால் நாக்கு தானே திருந்திக்கொள்கிறது. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வீரமாமுனிவர் வடிவ வேறுபாடு செய்வதற்கு முன், புள்ளி விடுபட்ட ஓலைகளை நம் முன்னோர் இவ்வாறே சொல்லறிவால் படித்தனர். ப் என்னும் மெய்யும் எ என்னும் உயிரும் கூடிப் பெ ஆகும் என்று கற்ற தமிழ்ப் பிள்ளைக்கு ஒலி கூட்டும் கலை புதிதுமன்று. தாய்மொழியில் எழுத்தறிந்த பிள்ளை ஆங்கில எழுத்தையும் எளிதில் பற்றும். அந்த ஏணியை அகற்றிவிட்டு மாடிக்கு ஏறச் சொல்வது என்ன நீதி?

பாட்டும் விளையாட்டும் இக்குறையைத் தீர்க்க வல்லவை. பொருளைக் கையில் கொடுத்து, செயலைச் செய்துகாட்டி, சொல்லைச் செவியில் ஏற்றுவதே அவற்றின் பணி. திருவரங்கத்தில் மார்கழித் திருநாளில் அரையர் பாசுரத்தைப் பாடுகிறார், அபிநயம் பிடிக்கிறார், பின் அதன் விளக்கத்தையும் எடுத்துரைக்கிறார். பாட்டு, அபிநயம், பொருள் என்னும் மூன்றும் அங்கே இணைபிரியாதவை. நம் பள்ளி ஆண்டுவிழா மேடைகளிலோ முதலிரண்டு மட்டுமே எஞ்சியுள்ளன. பிள்ளை கையசைக்கிறது, பாடுகிறது. என்ன பாடினோம் என்று அதற்குத் தெரியாது. மனப்பாடம் ஒழிந்ததென்று மகிழ்ந்தோம். அது இராகத்தோடு திரும்பி வந்திருக்கிறது.

பொருளறியாமல் ஒலிப்பதன் வறுமையைக் கத்தோலிக்கராகிய நாம் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. இலத்தீன் திருப்பலிக்குப் பொருளறியாமல் மறுமொழி கூறிய தலைமுறை நம் பாட்டனாருடையது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு தாய்மொழிக்கு வாயிலைத் திறந்தது. விளங்காத மொழியில் பதினாயிரம் சொற்களைப் பேசுவதினும் அறிவோடு ஐந்து சொற்களைப் பேசுவதே மேல் என்று பவுலடியார் கொரிந்தியருக்கு உணர்த்தியதை நாம் ஆலயத்தில் கேட்கிறோம், வகுப்பறையில் மறந்துவிடுகிறோம்.

ஆகவே நம் பள்ளி நிர்வாகிகளிடம் வெளிப்படையாகக் கேட்கிறோம். முதலில் கேட்கவும் பேசவும் விடுங்கள். எழுத்து பின்னர் வரட்டும். பாட்டின் பொருளைத் தமிழில் சொல்லத் தயங்காதீர்கள். தமிழ் பேசிய பிள்ளைக்கு அபராதம் விதிக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அதை இன்றே ஒழியுங்கள். தாயின் மொழியைக் குற்றமாக்கும் பள்ளி திருச்சபையின் பெயரைத் தாங்கத் தகுதியற்றது. கட்டணம் செலுத்துவோர்க்கு மட்டும் பாட்டும் விளையாட்டும், பங்குத் தொடக்கப்பள்ளியின் தமிழ்வழி ஏழைப் பிள்ளைக்குப் பழைய கத்தலா? அரசு 2022இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் வழியே ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை ஆடலையும் பாடலையும் கொண்டு சென்றது. ஏழையருக்கு முன்னுரிமை பேசும் நாம் அதனினும் பின்தங்கலாகாது.

பெற்றோரே, பிள்ளைகளின் முதல் ஆசிரியர் நீங்களே என்று சங்கம் 1965இலேயே கூறிவிட்டது. மாலையில் வீடு திரும்பும் பிள்ளையை விருந்தினர் முன் நிறுத்திப் பாடச் சொல்லாதீர்கள். அருகில் அமர்த்தி, 'கண்ணே, அந்தப் பாட்டில் என்ன கதை?' என்று தமிழில் கேளுங்கள். பிள்ளை கதை சொன்னால் பள்ளிக்கு நன்றி கூறுங்கள். விழித்தால், மறுநாளே சென்று விளக்கம் கேளுங்கள். அதற்கான உரிமையும் கடமையும் உங்களுடையவை.