மழை பெய்யும்போது ஆறு வற்றினால்…



"நிலச்சரிவுன்னா மலையில இருக்கறவங்களுக்குத்தானே பயம்? ஆத்தோரத்துல இருக்கறவங்களுக்கு என்ன?" என்று என் நண்பன் கேட்டான். நானும் முன்பு அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பே ஆபத்து என்பது இப்போது என் கருத்து.

மலை சரிந்தால் மண்ணும் பாறையும் மரங்களும் கீழே ஓடும் ஆற்றில்தான் விழும். பள்ளத்தாக்கு குறுகலாக இருந்தால் அந்தக் குவியலே ஆற்றை அணை போல அடைத்துவிடும். பின்னால் தண்ணீர் ஏரியாகத் தேங்கும். ஆனால் அது சிமெண்ட் அணை இல்லையே! தண்ணீர் மேலே வழிந்தால் மண் கரையும், திடீரென்று உடையும். அடைக்காமல் போனாலும், விழுந்த மண் ஆற்றை மேடாக்கி வெள்ளத்தை ஊருக்குள் திருப்பிவிடும்.

2024 ஜூலை 30 அதிகாலை, கேரளாவின் வயநாட்டில் முண்டக்கைக்கு மேலே மலை சரிந்தது. மண்ணும் பாறையும் ஆற்று வழியாகவே ஏறக்குறைய 8 கிலோமீட்டர் பாய்ந்தன. சூரல்மலை ஊர் சிதைந்தது. வெள்ளார்மலையில் ஆற்றோரம் இருந்த அரசுப் பள்ளியும் தப்பவில்லை. நம்மைப் போன்ற மாணவர்கள் பலர் இறந்தார்கள். எங்கோ கீழே, நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றிலும் உடல்கள் கிடைத்தன. இனியும் "மலைக்காரங்க பாடு" என்று சொல்லலாமா?

"இயற்கையை யாரு தடுக்க முடியும்?" என்பார்கள். தடுக்க முடியாது, தப்பிக்க முடியும். இன்றைய உத்தராகண்டில் உள்ள கோனாவில் 1893-ல் மலை சரிந்து பிரேகி கங்கையை அடைத்தது. பொறியாளர்கள் அந்த ஏரியைக் கண்காணித்தார்கள். கீழே உள்ள ஊர்களுக்குத் தந்தி வசதி செய்தார்கள். 1894 ஆகஸ்டில் அணை உடைந்தது. கர்வாலில் உள்ள ஸ்ரீநகர் ஊரே அழிந்தது. ஆனால் மக்களை முன்பே மேட்டுக்கு அனுப்பியதால் இறந்தவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான்!

தந்தி காலத்திலேயே முடிந்தது, செல்போன் காலத்தில் முடியாதா? மலையில் மண் சரிந்தால் ஆற்றோர ஊர்களுக்கு உடனே தகவல் வர வேண்டும். பள்ளிக்கூடங்களை ஆற்றங்கரையில் கட்டக் கூடாது.

நாமும் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். மலையில் மழை கொட்டும்போது ஆற்றில் தண்ணீர் திடீரென்று குறைந்தால், மேலே எங்கோ அடைத்திருக்கலாம். மீன் பிடிக்க இறங்காதீங்க! ஆற்றோடு ஓடாமல் பக்கத்து மேட்டில் ஏறுங்க. பெரியவர்களிடம் சொல்லுங்க.

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பது பழமொழி. 'வெள்ளம் வருமுன் மேடு ஏறு' என்பது என் புதுமொழி!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்