பஞ்சுக் குச்சியின் சாட்சியம்

"டி.என்.ஏ. பரிசோதனை முடிவு வந்துவிட்டது. இனி மறுபேச்சு எதற்கு?" என்று போலீசாரும் பத்திரிகைகளும் சொல்லக் கேட்கிறோம். விஞ்ஞானத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் விஞ்ஞானத்தின் பெயரால் ஏழையின் வாயை அடைப்பதை ஏற்க மாட்டோம்.

இந்தப் பரிசோதனை என்பது என்ன? இரத்தம், எச்சில், தோல் முதலியவற்றின் உயிரணுக்களில் டி.என்.ஏ. என்ற நுண்ணிய இழை இருக்கிறது. பாதி தாய் தந்தது, பாதி தந்தை தந்தது. எல்லா மனிதருக்கும் அது பெரும்பாலும் ஒன்றே. ஆயினும் சில இடங்களில் ஒரு சிறு துண்டு அடுத்தடுத்துத் திரும்ப வரும். ஒருவருக்கு 8 தடவை வந்தால் இன்னொருவருக்கு 12 தடவை வரும். சோதனைச் சாலையில், பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்த கறையிலிருந்து இழையைப் பிரிக்கிறார்கள். சூடேற்றி ஆறவைத்து, சுற்றுக்குச் சுற்று இரு மடங்காக, சுமார் 30 சுற்று நகல் எடுக்கிறார்கள். பிறகு மின்சாரம் பாய்ச்சினால் குட்டைத் துண்டு முந்தும், நெட்டைத் துண்டு பிந்தும். இப்படிச் சுமார் 20 இடங்களை அளந்தால், ஒரே கருவில் உருவான இரட்டையர் தவிர வேறு இருவருக்கு எல்லாம் ஒத்துப்போவது மிக மிக அரிது.

இது ஏழையைக் காப்பாற்றியதும் உண்டு. 1986-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பகுதியில், ஒரு சிறுமியின் கொலையை ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்த 17 வயதுப் பையன் போலீசாரிடம் ஒப்புக்கொண்டான். கொலைகாரன் அவனில்லை என்று காட்டியது விஞ்ஞானி அலெக் ஜெஃப்ரீசின் பரிசோதனைதான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். 2007-இல் ஜெர்மனியின் ஹைல்பிரோன் நகரில் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது காரில் எடுத்த மாதிரியில் யாரோ ஒரு பெண்ணின் டி.என்.ஏ. இருந்தது. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் நாடுகளில் சுமார் 40 குற்றங்களில் அதே டி.என்.ஏ. கிடைத்தது. 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்துத் தேடினார்கள். 2009-இல் ஓர் ஆணின் கைரேகைத் தாளில் எடுத்த மாதிரியிலும் அதே பெண் தென்பட்ட பிறகே உண்மை விளங்கியது. அவர் பஞ்சுக் குச்சிகளைப் பொதி கட்டிய தொழிலாளி! குச்சிகளில் கிருமிகளைக் கொன்றிருந்தார்கள். கிருமி செத்தாலும் டி.என்.ஏ. அழியவில்லை. கொல்லப்பட்டவரின் துப்பாக்கியோ 2011-இல் ஒரு புதிய நாஜிக் கும்பலிடம் அகப்பட்டது. வீண் தேடலில் கழிந்த காலமெல்லாம் அந்தக் கும்பலுக்கு ஆதாயம்.

யந்திரம் தவறு செய்யவில்லை. டி.என்.ஏ. யாருடையது என்று காட்டியது. அங்கே எப்படி வந்தது என்று சொல்ல அதற்கு வழியில்லை. மில்லிலிருந்து வெளியே வரும் நம் தலையிலும் சட்டையிலும் பஞ்சு ஒட்டியிருக்கிறது. பஞ்சு திருடியதற்கு அது சாட்சியாகுமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான்: மாதிரியை யார் எடுத்தார், யார் யார் கை மாறியது, எப்போது முத்திரையிடப்பட்டது என்ற பதிவு முழுவதும் கோர்ட்டுக்கு வர வேண்டும். அறிக்கையின் நகல் குற்றம் சாட்டப்பட்டவர் கையில் இருக்க வேண்டும். காசில்லாதவர் மறுபரிசோதனை கேட்டால் செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும். கறை யாருடையது என்று சோதனைச் சாலை சொல்லட்டும். குற்றம் யாருடையது என்று முழு விசாரணை முடிவு செய்யட்டும்.