பாலைநில நிழற்படம்

நிழற்படக் கருவி பொய் சொல்லாது என்பது பலருடைய நம்பிக்கை. ஓவியன் தன் விருப்பம்போல் மலையை உயர்த்துவான், ஆற்றை வளைப்பான். கருவியோ எதிரில் உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பர். இந்நம்பிக்கையிலிருந்து ஒரு குறைகூறலும் பிறக்கின்றது. எடுத்த படத்தைப் பின்னர் இருட்டறையிலோ கணினியிலோ திருத்துபவர் பார்ப்போரை ஏமாற்றுகின்றார் என்பதே அது. இக்கூற்றில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பெற்ற பாலைநிலப் படங்களைக் கொண்டு இதனை ஆராய்தல் எளிது. அங்கே கண்ணை மறைக்கும் சோலையும் மாளிகையும் இல்லை. மணலும் மலையும் வானும் ஒளியுமே உள்ளன.

அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியாவில் மரணப் பள்ளத்தாக்கு என்னும் பாலை உள்ளது. அதன் மிகத் தாழ்ந்த இடம் கடல் மட்டத்திற்கு 282 அடி கீழே கிடக்கின்றது. அங்குள்ள மணற்குன்றுகள் கறுப்பும் அல்ல, வெள்ளையும் அல்ல. மணல் வெளிறிய பொன்னிறம். வானம் ஆழ்ந்த நீலம். குன்றின் நிழலிலும் வானத்தின் நீலம் படிந்திருக்கும். இவ்வளவையும் கறுப்பு வெள்ளைப் பிலிம் சாம்பல் நிறங்களாக மாற்றவேண்டும். பொன்னிற மணலும் நீல வானும் ஒரே அளவு ஒளியை அனுப்பினால், படத்தில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும்; குன்று முடியுமிடமும் வானம் தொடங்குமிடமும் விளங்கா. ஆதலால் படம் எடுப்போர் கருவியின் கண்ணாடிக்கு முன் மஞ்சள் அல்லது சிவப்புக் கண்ணாடி ஒன்றைப் பொருத்துவர். அது நீல ஒளியைத் தடுக்கும். மணலின் ஒளியை உள்ளே விடும். வானம் கறுக்கும், மணல் வெளுக்கும், நிழலும் கருமை கொள்ளும். இவற்றுள் எந்தச் சாம்பல் உண்மையானது? எதுவும் அன்று. ‘உள்ளது உள்ளபடி’ என்னும் பேச்சு, திருத்தம் தொடங்குவதற்கு முன்பே, பொத்தானை அழுத்தும்பொழுதே முடிந்துவிடுகின்றது.

தாளின் குறை வேறு உண்டு. நல்ல அச்சுத் தாளின் மிக வெண்மையான இடம் மிகக் கரிய இடத்தைவிட ஏறத்தாழ 100 மடங்கே மிகுந்த ஒளி தரும். வெயிலும் நிழலும் போட்டியிடும் பாலைவெளியோ இதற்கு அடங்குவதன்று. எதனை எவ்வளவு கருமையாக்குவது, எதனை எவ்வளவு வெண்மையாக்குவது என்று ஒருவர் முடிவு செய்தே ஆகவேண்டும். அம்முடிவை நெறிப்படுத்த, ஆன்சல் ஆடம்ஸ் (1902–1984) என்னும் நிழற்படக் கலைஞர் பிரெட் ஆர்ச்சர் என்பவருடன் சேர்ந்து 1940ஆம் ஆண்டையொட்டி ஒரு முறையை வகுத்தார். முழுக் கருமை முதல் முழு வெண்மை வரை பதினொரு படிகளை மனத்திற் கொண்டு, எதிரிலுள்ள ஒவ்வொரு பகுதியும் அச்சில் எந்தப் படியில் நிற்கவேண்டும் என்பதைப் படம் எடுக்குமுன்பே தீர்மானித்தல் அம்முறை. ஏறத்தாழ 1948இல் மரணப் பள்ளத்தாக்கின் மணற்குன்றுகளைக் கதிரவன் எழும்பொழுதில் அவர் எடுத்த படம் புகழ்பெற்றது. நண்பகலில் அதே குன்றுகள் தட்டையாகத் தோன்றும். சாய்ந்த ஒளி வீழும் காலைப்பொழுதில்தான் குன்றின் முகடு வாளின் கூர்போல் இருபுறத்தையும் பிரித்துக் காட்டும்.

அவருடைய படங்களுள் பலரும் அறிந்தது, நியூ மெக்சிகோ மாநிலத்து எர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழும் காட்சி. பாலையை ஒத்த வறண்ட மேட்டுநிலம் அது. 1941இல் ஒருநாள் மாலை அவ்வழியே காரில் வந்த ஆடம்ஸ், கிழக்கே பனிமலைமீது நிலவு எழுந்திருப்பதையும், மேற்கே சாயும் கதிரவனின் கடைசி ஒளியில் ஊர்க் கல்லறைச் சிலுவைகள் வெண்மையாக ஒளிர்வதையும் கண்டார். விரைந்து வண்டியை நிறுத்திப் பெரிய கருவியை முக்காலியில் ஏற்றினார். ஒளியை அளக்கும் கருவியோ தேடியும் கிடைக்கவில்லை. நிலவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவர் நினைவுக்கு வந்தது. அதைக் கொண்டு மனக்கணக்குப் போட்டு, ஆழ்ந்த மஞ்சள் கண்ணாடியுடன் ஒரு விநாடி ஒளி கொடுத்துப் படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்கு ஆயத்தமாவதற்குள் சிலுவைகளை விட்டு ஒளி அகன்றது.

கிடைத்த நெகட்டிவோ எளிதில் இணங்கவில்லை. நிலப்பகுதி மிக மெலிவாக இருந்தது. 1948இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை வேதிப்பொருளால் வலுப்படுத்தினார். அச்சிடும்பொழுதெல்லாம் ஓரிடத்தைக் கையாலும் அட்டையாலும் மறைத்து ஒளியைக் குறைத்தார். வானத்துக்கு மிகுந்த ஒளி கொடுத்துக் கறுக்கச் செய்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவ்வானம் மேலும் மேலும் கருமை கொண்டது. இளமையில் பியானோ பயின்றவர் ஆதலால், நெகட்டிவை இசைக்குறிப்புக்கும் அச்சினை அதனை இசைப்பதற்கும் அவர் ஒப்பிடுவது வழக்கம். ஒரே கீர்த்தனையை ஒரே பாடகர் இருபது வயதிலும் அறுபது வயதிலும் ஒருவிதமாகவா பாடுவார்?

அன்று மாலை எர்னாண்டஸில் நின்றவர் எவரும் அத்தனை கரிய வானத்தைக் கண்டிருக்க இயலாது. அப்படியானால் அப்படம் பொய்யா? இதற்கு விடை சொல்வதுபோல் ஒரு செய்தி உண்டு. ஆடம்ஸுக்குத் தேதி நினைவில் இல்லை. ஆண்டையே பலவாறாகக் கூறிவந்தார். வானநூல் அறிந்தவர்கள் படத்தில் நிலவு நிற்கும் இடத்தையும் மலை நிற்கும் இடத்தையும் வைத்து நாளைக் கணித்தனர். முதற் கணக்கு 1941 அக்டோபர் 31 என்றது. டென்னிஸ் டி சிக்கோ என்பவர் 1991இல் வெளியிட்ட திருந்திய கணக்கு, நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் என்றது. வானத்தின் கருமை எவ்வளவு கூடினாலும் நிலவும் மலையும் சிலுவைகளும் தத்தம் இடத்திலேயே நின்றன. ஆதலால்தான் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அப்படத்தால் சாட்சி சொல்ல முடிந்தது. வானத்தில் இருந்த மெல்லிய மேகங்கள் சில அக்கருமையில் அமிழ்ந்தன என்பதும் மறைப்பதற்கில்லை. எல்லைக்கோடு அவ்விடத்தில் சற்றே மங்குகின்றது.

பொருளை நகர்த்துதல் வேறு வகை. 1936இல் அமெரிக்காவில் கொடிய வறட்சி நிலவியது. அரசின் சார்பில் படமெடுத்த ஆர்தர் ராத்ஸ்டைன், தெற்கு டக்கோட்டாவில் வெடித்த தரையில் கிடந்த மாட்டு மண்டையோடு ஒன்றைக் கண்டார். நிழலும் பின்புலமும் நன்கு அமையவேண்டி அதனை ஏறத்தாழ 10 அடி நகர்த்திப் படம் எடுத்தார். அது தேர்தல் ஆண்டு. செய்தி வெளிப்பட்டதும் எதிர்த்தரப்புப் பத்திரிகைகள், அரசு வறட்சியையே நாடகமாக ஆடிக் காட்டுகின்றது என்று எள்ளி எழுதின. வறட்சியோ உண்மை; உழவர் துயரும் உண்மை. ஒரு மண்டையோடு பத்தடி நகர்ந்தமையால் உண்மையான துயரும் ஐயத்துக்கு இடமாயிற்று. இருட்டறையில் ஆடம்ஸ் செய்த மாற்றம் இதனினும் பன்மடங்கு பெரிது. ஆயினும் அதனால் எவர் துயரும் பொய்யாகவில்லை. 1982 பிப்ரவரியில் ‘நேஷனல் ஜியாகிரபிக்’ இதழ், அட்டையின் உயரத்துக்குப் பொருந்துமாறு எகிப்திய பிரமிடுகளையே கணினி வழியாக நெருக்கி அச்சிட்டது. அது வண்ணப்படம்; எனினும் குறை அதுவே.

ஆடம்ஸும் இவ்வெல்லையை ஒருமுறை தாண்டினார். 1944இல் கலிபோர்னியாவின் வறண்ட ஓவன்ஸ் பள்ளத்தாக்கில், பனிமலைமீது காலை ஒளி வீழும் காட்சியை எடுத்தார். முன்னே இருண்ட குன்று. அதன் அடியில் ஒளிபட்ட நிலத்தில் ஒரு குதிரை மேய்கின்றது. லோன் பைன் என்னும் அவ்வூரின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அக்குன்றில் வெள்ளைக் கற்களால் தம் ஊர்ப்பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பெரிதாக அமைத்திருந்தனர். ஆடம்ஸுக்கு அவை மலையின்மேல் ஒரு வடுவாகத் தோன்றின. நெகட்டிவிலும் அச்சிலும் அவற்றை அழித்துவிட்டார்.

அழகை விரும்புவோர் இதனைப் பாராட்டலாம், பாராட்டியவரும் உளர். ஆனால் அவ்வெழுத்துகள் அங்கே இருந்தன. குன்றேறிக் கல் சுமந்தவர்கள் அவ்வூர்ப் பிள்ளைகள். அவர்கள் செய்தது அழகோ, அழகின்மையோ, அந்நிலத்தின் அன்றைய நிலை அது. மனிதர் வாழும் பள்ளத்தாக்கை மனிதர் கைபடாத நிலம்போல் அப்படம் இன்றும் காட்டி நிற்கின்றது. தாம் செய்ததை ஆடம்ஸ் மறைக்கவில்லை என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். 1983இல் வெளிவந்த தம் நூலில் வெளிப்படையாகவே எழுதினார். அதனால் பிழையின் பாரம் பாதி குறைகின்றது. படத்தை மட்டும் காண்பவருக்கு அந்தப் பாதியும் குறையாது.

இன்று இருட்டறையின் இடத்தைப் பெரும்பாலும் கணினி பெற்றுள்ளது. வண்ணத்தில் எடுத்த பாலைப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்பொழுது, நீலம் எவ்வளவு கறுக்கவேண்டும், மஞ்சள் எவ்வளவு வெளுக்கவேண்டும் என்பதை நாற்காலியில் அமர்ந்தபடியே முடிவு செய்யலாம். அன்று கருவியின் முன் பொருத்திய மஞ்சள் கண்ணாடியின் வேலைதான் இது. இதில் குற்றம் இல்லை. ஆனால் அதே கணினியில், இல்லாத நிலவை ஏற்றவும் இருக்கும் மின்கம்பத்தை நீக்கவும் சில விநாடிகள் போதும். எளிமையே இதில் தீங்கு. இரண்டு எழுத்துகளை அழிக்க ஆடம்ஸ் கைவருந்த உழைத்தார். ஒவ்வோர் அச்சிலும் மீண்டும் கவனித்தார். அவ்வுழைப்பே ஒருவரைச் சிந்திக்கச் செய்யும். இதனை உணர்ந்தே, நிழற்படப் போட்டிகள் சிலவற்றின் நடுவர்கள் திருத்திய படத்துடன் கருவி முதலில் பதிந்த மூலத்தையும் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

ஆடம்ஸின் நெகட்டிவ்கள் அரிசோனா மாநிலத்தில், பாலைநில நகரமாகிய டூசானில் உள்ள பல்கலைக்கழக நிழற்படக் காப்பகத்தில் உள்ளன. 1975இல் அக்காப்பகத்தை நிறுவுவதில் அவரே பங்கு கொண்டார்.