'வரை' என்ற பொடி எழுத்து

ஜவுளிக் கடை விளம்பரங்களில் '50 சதவிகிதம் வரை தள்ளுபடி' என்று போட்டிருப்பார்கள். 50 கொட்டை எழுத்தில் இருக்கும். 'வரை' பொடி எழுத்தில். மொழிபெயர்ப்பைப் பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு அந்தப் பொடி எழுத்தின் மீது எப்போதும் ஒரு கண் உண்டு. அதை விட்டுவிட்டால் வாக்கியத்தின் பொருளே மாறிவிடும். கம்ப்யூட்டரில் போடும் எஸ்எஸ்டி ட்ரைவ்களின் பெட்டியிலும் இதே சொல் உட்கார்ந்திருக்கிறது.

சாம்சங் 990 ப்ரோ: விநாடிக்கு 7,450 மெகாபைட் வரை. 2024ல் வந்த க்ரூஷியல் டி705: 14,500 மெகாபைட் வரை. பழைய சாட்டா ரக எஸ்எஸ்டிகள் 550ஐச் சுற்றியே நின்றுவிட்டவை. அந்தக் கணக்கில் பார்த்தால் இது பிரமிக்க வைக்கும் பாய்ச்சல்தான். ஆனால் எதுவரை, எத்தனை நேரம் என்பதைப் பெட்டி சொல்வதில்லை.

டெல்லி லக்ஷ்மி நகரில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைக்கும் என் அக்கா மகனுக்கு இந்தக் கேள்வி ஒரு மே மாதப் பிற்பகலில் வந்தது. புதிதாக வாங்கிய 2 டெராபைட் ட்ரைவுக்குப் பழைய ட்ரைவிலிருந்து 700 ஜிபி மாற்றிக்கொண்டிருந்தான். இரவுக்குள் வேலையை ஒப்படைக்காவிட்டால் வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். "சித்தி, ஏழாயிரம்னு பெட்டில போட்டிருக்கான். முந்நூறுகூட வரல. கடைக்காரர் இதைத் தள்ளிட்டு அஞ்சாம் தலைமுறை வாங்குங்கறார்" என்றான். குரலில் அழுகை.

சந்தேகத்துக்குரியவர்கள் மூன்று பேர். முதல் ஆள், கொடுக்கும் பக்கம். பழைய ட்ரைவ் 3-ம் தலைமுறை. அது விநாடிக்கு 3,000ஐ ஒட்டித்தான் கொடுக்கும். வாங்குகிறவர் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் கொடுப்பவரின் வேகம்தான் வேகம். ஆக, 7,000 தொடக்கத்திலிருந்தே கணக்கில் இல்லை.

இரண்டாவது ஆள், தற்காலிகக் கிடங்கு. இன்றைய ட்ரைவ்களில் ஒரு நினைவுச் செல்லில் மூன்று அல்லது நான்கு பிட்டுகள் எழுதப்படுகின்றன. அது நேரம் பிடிக்கும் வேலை. அதனால் காலி இடத்தில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரே பிட்டாக வேகமாக நிரப்பிக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது ஒழுங்குபடுத்துகிறது ட்ரைவ். பெட்டியில் உள்ள எழுதும் வேகம் இந்தக் கிடங்கின் வேகம். கிடங்கு நிரம்பியதும் உண்மையான வேகம் தெரியும். ட்ரைவில் காலி இடம் குறையக் குறையப் பல ட்ரைவ்களில் கிடங்கும் சிறுத்துவிடும்.

மூன்றாவது ஆள், சூடு. 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சூயிங்கம் பட்டை போன்ற ஒரு பலகை. அதில் கன்ட்ரோலர் சிப்தான் அதிகம் கொதிக்கும். 70 டிகிரி செல்சியஸ் வரை என்பது வீட்டு ட்ரைவ்களுக்குப் பொதுவாகத் தரப்படும் வரம்பு. அதற்கு மேல் கணிசமாக ஏறினால் ட்ரைவ் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

இவர்களைப் பிரித்தறிய வேகத்தையும் வெப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பத்தைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளே போதும். திரும்ப ஓட்டிப் பார்த்தான். முதல் ஒன்றரை நிமிடம் 2,800. பிறகு 1,300க்கு விழுந்து அங்கேயே நின்றது. அப்போது வெப்பம் 71. சில நிமிடம் கழித்து 300, மீண்டும் 1,000, மீண்டும் 300 என்று ரம்பப் பல் போல ஏறி இறங்கியது, வெப்பம் 84. நிலையாக நின்ற முதல் சரிவு கிடங்கு நிரம்பியதால். ரம்பப் பல், சூட்டால்.

அவன் அறையின் வெப்பநிலை 37 டிகிரி. வெளிநாட்டு விமர்சகர்கள் இருபத்திச் சொச்சம் டிகிரி அறையில் சோதிக்கிறார்கள். இங்கே கூடுதலாக இருக்கும் பதினைந்து டிகிரி, ஏறக்குறைய அப்படியே ட்ரைவின் தலையில் ஏறிவிடும். டெல்லிக்கும் நாக்பூருக்கும் வேலூருக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

அன்று கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி, டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்து வேலையை முடித்தான். முன்பணம் தப்பியது. மறுநாள் மதர்போர்டோடு வந்த அலுமினியத் தகட்டைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. தகட்டின் அடியில் இருக்கும் ரப்பர் போன்ற பட்டையின் பாதுகாப்புத் தாளை உரிக்காமலே முடுக்கியிருந்தான்! உரித்துப் பொருத்தி, தகட்டை மூடி, அதே 700 ஜிபியை மீண்டும் ஓட்டினான். உச்சம் 72. ரம்பப் பல் மறைந்தது. 1,300க்கான சரிவு மட்டும் அப்படியே இருந்தது; அதை எந்த ஃபேனும் சரிசெய்யாது.

ஆகவே, வாங்கிய ட்ரைவைச் சோதிக்க ஒரு ஜிபி கோப்பு உதவாது. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் அளவு அதுதான். உங்கள் வேலையின் உண்மையான அளவில், பெட்டியை மூடிய நிலையில், பகல் வெயிலில் ஓட்டுங்கள். அதற்காக ட்ரைவைக் குளிரூட்ட வெறிபிடித்து அலையவும் வேண்டாம். ஃப்ளாஷ் நினைவகத்துக்கு மிதமான சூடு தீங்கல்ல. 60 டிகிரியில் ஓடும் ட்ரைவை 40க்குக் கொண்டுவந்தால் வேகம் கூடாது.

கடிதம் எழுதுவதற்கும் கணக்குப் பார்ப்பதற்கும் என்றால் கதையே வேறு. சிதறிக் கிடக்கும் 4 கிலோபைட் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் படிப்பதுதான் அன்றாட வேலையில் பெரும்பகுதி. அதில் ராஜ ட்ரைவ்களும் விநாடிக்கு 100 மெகாபைட்டை ஒட்டித்தான் நிற்கின்றன. அங்கே 7,000க்கும் 14,000க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பணப்பையில் மட்டும் தெரியும்.

5-ம் தலைமுறை ட்ரைவை என் அக்கா மகன் வாங்கவில்லை. மிச்சமான பணத்தில் அறைக்கு ஒரு கூலர் வாங்கிக்கொண்டான். ட்ரைவுக்கும் நல்லது, அவனுக்கும் நல்லது.