ஆம்பூர்ப் பொறியாளருக்கு என்ன குறை?

ஆம்பூர்த் தோல் தொழிற்சாலைகளில் இயங்கும் இயந்திரங்கள் பல இத்தாலியிலிருந்து வருவதைக் காட்டி, நம் பொறியாளர் அந்நாட்டாருக்குத் தாழ்ந்தவரே என்று வாதிப்போர், 1948-இல் சென்னையில் தோன்றிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அதன் இயக்குநராயிருந்த நாயுடம்மாவும் வளர்த்த சாஸ்திர ஞானத்தைக் கணக்கில் கொள்ளவே இல்லை. குரோமியத்தில் பதனிட்ட தோலில் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் இட்டு, அது சுருங்கவில்லை என்று கண்ட பின்னரே மேற்கொண்டு அனுப்பும் வாணியம்பாடித் தொழிலாளியின் நுட்பம் எத்தேசத்தாருக்கும் குறைந்ததன்று.

குறை வேறிடத்தில் உள்ளது. ஜெர்மனியில் தொழில் பயிலும் இளைஞன் தொழிற்சாலையிலும் பள்ளியிலும் மாறிமாறி, ஊதியத்தோடு கற்கிறான். நம் ஊர்ப் பொறியியல் மாணவனோ தோல் சுழலும் டிரம்மை அருகில் நின்று பார்க்காமலே பட்டம் பெற்றுவிடுகிறான். பாலாறு கெட்டு, 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்ததும் புத்தியின் வறுமையாலன்று. கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பொருள் செலவிட மனமில்லாமையால்.