பிள்ளைகளைத் திட்டி ஸ்பானிஷ் வளராது

1954-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மார்ஃபா ஊரின் பிளாக்வெல் பள்ளியில் ஒரு சவ அடக்கம் நடந்தது. மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் இனி ஸ்பானிஷ் பேசுவதில்லை என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போட, அந்தப் பெட்டி கொடிக்கம்பத்தின் அருகே புதைக்கப்பட்டது. அந்தப் பள்ளி இன்று தேசிய வரலாற்றுத் தலம். அதே மாநிலத்தில் இப்போது பல அரசுப் பள்ளிகள் ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் பாடம் நடத்துகின்றன. மனம் நிறைந்து வரவேற்க வேண்டிய மாற்றம் இது.

ஆனால், இந்த இருமொழி வகுப்புகள் சிலவற்றில் ஸ்பானிஷ் நேரத்தில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குக் கண்டிப்பு கிடைக்கிறது. மொழி மாறினாலும் தண்டனை தண்டனைதான். இதை நாம் ஏற்க முடியாது.

இப்படிப்பட்ட வகுப்பில், ஆசிரியை பக்கத்தில் நிற்கும்வரை ஒரு மேசையின் பிள்ளைகள் நால்வரும் ஸ்பானிஷில் கணக்குப் போடுவார்கள். அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்ததும் பேச்சு ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். சிகாகோவின் இருமொழிப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பை ஆராய்ந்த கிம் பொடோவ்ஸ்கியும் இதையே கண்டார்: ஆசிரியரிடம் பெரும்பாலும் ஸ்பானிஷ், தங்களுக்குள் பெரும்பாலும் ஆங்கிலம். இதைக் குறும்பு என்று தள்ளிவிடுவது அநியாயம். எந்த மொழிக்கு மதிப்பு என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களிடம்தான் கற்கிறார்கள். ஒலிபெருக்கி அறிவிப்பு ஆங்கிலத்தில். தாழ்வாரத்தில் ஆசிரியர்கள் பேசிக்கொள்வதும் ஆங்கிலத்தில். போதாக்குறைக்கு, ஆங்கில வீட்டுப் பிள்ளை இரண்டு ஸ்பானிஷ் வாக்கியம் சொன்னால் கைதட்டல். எல் சால்வடோரிலிருந்து வந்த பிள்ளை ஒரே ஆண்டில் ஆங்கிலம் கற்றுக்கொண்டால் அது கடமை! அந்தப் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும்?

ஸ்பானிஷ் நேரத்தில் ஆசிரியர் ஸ்பானிஷில் உறுதியாக நிற்கட்டும். பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் ஸ்பானிஷில் வரட்டும். அந்த உறுதி ஆசிரியரின் பொறுப்பு. பிள்ளை யோசிக்கும்போது இரண்டையும் கலந்து பேசினால் விட்டுவிட வேண்டும். கணக்கைப் புரிந்துகொள்ளும் வழி அது.

இருமொழிக் கல்வி புதிதல்ல. 1963-இல் மயாமியின் கோரல் வே பள்ளி கியூப அகதிப் பிள்ளைகளையும் ஆங்கிலம் பேசும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு இரு மொழிகளிலும் கற்பித்தது. அரை நூற்றாண்டு கடந்தும், டெக்சாஸின் மாநிலத் தேர்வை மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை மட்டுமே ஸ்பானிஷில் எழுத முடிகிறது. ஆறாம் வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான். பிள்ளைகளின் பேச்சை ஒட்டுக்கேட்கும் நிர்வாகிகள் முதலில் மாநில அரசின் கதவைத் தட்டட்டும். எட்டாம் வகுப்புவரையாவது ஸ்பானிஷில் தேர்வெழுத மாநில அரசு வழிசெய்ய வேண்டும்.